கணினி ஸ்லீப் ஆனதும் எக்ஸ்டர்னல் ட்ரைவ் கழன்றுகொள்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரவு கணினியைத் தூங்க வைத்துவிட்டுக் காலையில் திறந்தால், மேக்கில் ‘டிஸ்க் நாட் எஜெக்டட் ப்ராப்பர்லி’ என்ற அறிவிப்பு நிற்கிறது. விண்டோஸில் அறிவிப்பு எதுவும் இருக்காது. ட்ரைவ் மட்டும் காணாமல் போயிருக்கும், அல்லது வேறு ட்ரைவ் எழுத்தோடு (டி-க்குப் பதில் இ என்பதுபோல) வந்திருக்கும். இணையத்தில் தேடினால் இருபது செட்டிங்குகளை மாற்றச் சொல்வார்கள். அவற்றில் பாதி உங்கள் சிக்கலுக்குச் சம்பந்தமில்லாதவை. இந்தக் கோளாறில் இரண்டு வகை உண்டு, வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒன்றில் ட்ரைவுக்கு வரும் மின்சாரம் நிற்கிறது. மற்றதில் மின்சாரம் இருக்கிறது, தரவு இணைப்பு மட்டும் அறுகிறது. எது உங்களுடையது என்று தெரிந்துகொண்டு செட்டிங்கில் கைவைப்பதே நல்லது.

ஸ்லீப் ஆகும்போது யுஎஸ்பி போர்ட்டில் என்ன நடக்கிறது?

கணினி ஸ்லீப் ஆகும்போது, செருகியிருக்கும் ஒவ்வொரு யுஎஸ்பி சாதனத்தையும் ‘சஸ்பெண்ட்’ நிலைக்குப் போகச் சொல்கிறது. அந்த நிலையில் ஒரு சாதனம் போர்ட்டிலிருந்து 2.5 மில்லிஆம்பியருக்கு மேல் இழுக்கக் கூடாது என்பது யுஎஸ்பி விதி. விழித்திருக்கும்போது யுஎஸ்பி 2 போர்ட் 500 மில்லிஆம்பியரும், யுஎஸ்பி 3 போர்ட் 900 மில்லிஆம்பியரும் தரும். அதோடு ஒப்பிட்டால் இது மூச்சை மட்டும் பிடித்துவைக்கும் அளவு. இதில் ஹார்ட் டிஸ்க்கின் தட்டு சுழலாது. ட்ரைவையும் யுஎஸ்பியையும் இணைக்கும், ட்ரைவுக்குள் இருக்கும் பிரிட்ஜ் சிப், தட்டை நிறுத்தி, ரீட் ஹெட்டைப் பத்திரமாக ஓரம் கட்டிவிட்டு, தன் யுஎஸ்பி முகவரியை மட்டும் மறக்காமல் காத்திருக்க வேண்டும். கணினி விழித்ததும் ‘இங்கேதான் இருக்கிறேன்’ என்று பதில் சொல்ல வேண்டும்.

இந்த ஒப்பந்தம் மூன்று இடங்களில் முறியலாம். மதர்போர்டு ஸ்லீப்பின்போது போர்ட்டின் 5 வோல்ட்டையே நிறுத்திவிடலாம். ஒரு போர்ட்டைப் பல போர்ட்டாக்கித் தரும் ஹப் அல்லது டாக் நடுவில் இருந்தால், அது தானே ரீசெட் ஆகலாம். பிரிட்ஜ் சிப்பின் ஃபர்ம்வேர் (சிப்புக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) சஸ்பெண்டிலிருந்து ஒழுங்காக எழத் தெரியாமல், புதிதாகச் செருகிய சாதனம்போலத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளலாம். மூன்றிலும் இயங்குதளத்துக்குத் தெரிவது ஒன்றுதான்: பழைய ட்ரைவ் சொல்லாமல் போய்விட்டது, இப்போது புதியது ஒன்று வந்திருக்கிறது.

மின்சாரம் நிற்கிறதா, இணைப்பு மட்டும் அறுகிறதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

எளிய வழி கண்ணும் காதும். கணினி தூங்கி இரண்டு நிமிடம் கழித்து ட்ரைவின் விளக்கைப் பாருங்கள். மங்கலாகவோ மெதுவாக மினுக்கிக்கொண்டோ இருந்தால் மின்சாரம் இருக்கிறது. அடியோடு அணைந்திருந்தால் சந்தேகம்தான், ஆனால் உறுதியில்லை. சில ட்ரைவுகள் சஸ்பெண்டில் விளக்கையும் அணைத்துவிடும்.

உறுதியான வழி ட்ரைவ் தானே எழுதிவைக்கும் ஸ்மார்ட் கணக்கு. விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து இந்த எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்:

- ஹார்ட் டிஸ்க்: 0சி என்ற வரிசையில் ‘பவர் சைக்கிள் கவுன்ட்’ (மின்சாரம் போய் வந்த எண்ணிக்கை), சி0 என்ற வரிசையில் ‘பவர்-ஆஃப் ரிட்ராக்ட் கவுன்ட்’ (மின்சாரம் போனதால் ஹெட்டை அவசரமாக இழுத்துக்கொண்ட எண்ணிக்கை). வேறு மென்பொருள்களில் இவையே 12, 192 என்று வரும்.
- சாட்டா எஸ்எஸ்டி: பவர் சைக்கிளோடு, சில தயாரிப்புகளில் 174 என்ற எண்ணில் எதிர்பாராத மின்னிழப்புக் கணக்கு.
- என்விஎம்இ எஸ்எஸ்டி: ‘பவர் சைக்கிள்ஸ்’, ‘அன்சேஃப் ஷட்டவுன்ஸ்’.

இந்த மென்பொருள் மதிப்புகளைப் பதினாறடிமான எண்ணில் காட்டும். ஃபங்ஷன் மெனுவில் ‘அட்வான்ஸ்டு ஃபீச்சர்’, அதற்குள் ‘ரா வேல்யூஸ்’ போய் 10 என்பதைத் தேர்ந்தெடுத்தால் சாதாரண எண்ணாக மாறும். இதைச் செய்யாமல் படித்துக் குழம்புகிறவர்கள் நிறையப் பேர்.

எண்களைக் குறித்தபின் கணினியை 15 நிமிடம் தூங்க வைத்து, எழுப்பி, மறுபடி பாருங்கள். பவர் சைக்கிளும் ரிட்ராக்ட் கணக்கும் (எஸ்எஸ்டியில் மின்னிழப்பு அல்லது அன்சேஃப் ஷட்டவுன் கணக்கும்) தலா ஒன்று கூடியிருந்தால், மின்சாரம் எச்சரிக்கை இல்லாமல் நிறுத்தப்படுகிறது. பவர் சைக்கிள் மட்டும் கூடியிருந்தால் ட்ரைவ் ஒழுங்காகத் தட்டை நிறுத்திய பிறகே மின்சாரம் போயிருக்கிறது. இதில் ஆபத்து குறைவு. இரண்டுமே கூடவில்லை, ஆனாலும் ட்ரைவ் கழன்றது என்றால் கோளாறு தரவு இணைப்பில்: கேபிள், ஹப், ஃபர்ம்வேர், அல்லது ட்ரைவர். மதர்போர்டின் மின்சாரச் செட்டிங்கை நோண்டுவதில் பலனில்லை.

மேக்கில் யுஎஸ்பி வழியாக ஸ்மார்ட் கணக்கைப் படிப்பது எளிதல்ல. சோதனைக்கு முன்னும் பின்னும் ட்ரைவை ஒரு விண்டோஸ் கணினியில் செருகிப் படிக்கலாம். இடம் மாற்றிச் செருகும் ஒவ்வொரு முறையும் பவர் சைக்கிள் ஒன்று கூடும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக் கழன்றால் தரவு உண்மையிலேயே கெடுமா?

பெரும்பாலான இரவுகளில் கெடாது. தூங்கப் போகுமுன் இயங்குதளம் நினைவகத்தில் இன்னும் எழுதப்படாமல் நிலுவையில் இருக்கும் தரவை ட்ரைவுக்கு அனுப்பிவிடும். ஆகவே சும்மா செருகியிருந்த ட்ரைவ் கழன்றால் கோப்புகள் பொதுவாக நலமாகவே இருக்கும்.

கெடுவது திறந்திருக்கும் கோப்புகள்தான். வீடியோ எடிட்டிங் மென்பொருளின் தற்காலிகக் கோப்புகள், போட்டோ கேட்டலாக், மெய்நிகர் கணினியின் டிஸ்க் கோப்பு, பாதியில் நிற்கும் பேக்கப் ஆகியவற்றைத் திறந்துவைத்துக்கொண்டு மென்பொருள் தூங்குகிறது. எழும்போது கையில் பிடித்திருந்த கோப்பு இல்லை. அடுத்து எழுத வேண்டியதை எங்கே எழுதுவது என்று தெரியாமல் மென்பொருள் முறியும்.

ட்ரைவில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறையான ஃபைல் சிஸ்டமும் இதில் கணக்கு. எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல் கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது அறுந்தால் மீட்டெடுக்கும் குறிப்பேடு இல்லை. என்டிஎஃப்எஸ், எச்எஃப்எஸ் பிளஸ் இரண்டுக்கும் ஜர்னல் உண்டு. ஏபிஎஃப்எஸ் பழைய தரவின்மேல் நேரடியாக எழுதாமல் புதிய இடத்தில் எழுதுகிறது. மேக்கையும் விண்டோஸையும் மாறிமாறிப் பயன்படுத்த வேண்டிய கட்டாயம் இல்லையென்றால், அடிக்கடி கழலும் ட்ரைவை எக்ஸ்ஃபேட்டில் வைத்திருக்காதீர்கள். செலவில்லாமல் செய்யக்கூடிய பெரிய பாதுகாப்பு இதுதான்.

ஹார்ட் டிஸ்க்குக்கு இன்னொரு பாடும் உண்டு. திடீரென மின்சாரம் போனால், சுழலும் தட்டின் மிச்ச வேகத்தைக் கொண்டே ஹெட்டை அவசரமாக இழுத்துக்கொள்கிறது. முறையான நிறுத்தத்தைவிட இது இயந்திரத்துக்குக் கடினம். தினமும் இரண்டு மூன்று முறை, வருடக்கணக்கில் நடக்க விடக் கூடாது.

முதலில் எதை மாற்றிப் பார்ப்பது?

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும். கேபிளையும் ஹப்பையும் செட்டிங்கையும் ஒரே நாளில் மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த மாதம் திரும்பி வரும்.

1. ஹப், டாக், நீட்டிப்புக் கேபிள் எல்லாவற்றையும் நீக்கி, கணினியின் போர்ட்டிலேயே ட்ரைவைச் செருகுங்கள். டெஸ்க்டாப் என்றால் பின்புறப் போர்ட். முன்புறப் போர்ட்டுகள் கேபினட்டுக்குள் இன்னொரு கேபிள் வழியாக மதர்போர்டுக்குப் போகின்றன.
2. கேபிளை மாற்றுங்கள். ட்ரைவோடு வந்த குட்டைக் கேபிள் அளவில், 1 மீட்டருக்குள். டைப்-சி கேபிள் என்றால் அது தரவுக் கேபிள்தானா என்று பாருங்கள். போன் சார்ஜரோடு வரும் பல கேபிள்கள் யுஎஸ்பி 2 வேகத்துக்கு மேல் போகாதவை. பழைய ஹார்ட் டிஸ்க்குகளின் அகலமான மைக்ரோ-பி முனை சீக்கிரம் தளர்ந்துவிடும். லேசாக அசைத்தாலே விளக்கு மினுக்கினால் கேபிளை, இல்லையென்றால் அந்தச் சாக்கெட்டைச் சந்தேகியுங்கள்.
3. அதே கணினியில் வேறு ட்ரைவை வைத்துச் சோதியுங்கள். அதுவும் கழன்றால் கோளாறு கணினிப் பக்கம்.
4. அதே ட்ரைவை வேறு கணினியில் தூங்க வைத்துப் பாருங்கள். அங்கேயும் கழன்றால் கோளாறு ட்ரைவ் பக்கம்.

ஒவ்வொன்றையும் இரண்டு முறை சோதியுங்கள்: ஒன்று 15 நிமிடத் தூக்கம், இன்னொன்று இரவு முழுவதும். குட்டித் தூக்கத்தில் தாங்கி நீண்ட தூக்கத்தில் மட்டும் கழலும் ட்ரைவ்கள் ஏராளம். கணினி சில மணி நேரம் கழித்து ஸ்லீப்பிலிருந்து இன்னும் ஆழமான நிலைக்கு, ஹைபர்னேட் (நினைவகத்தை டிஸ்கில் எழுதிவிட்டு அணைவது) போன்ற நிலைக்கு, இறங்குவதே அதற்கு வழக்கமான காரணம். அங்கே போர்ட்டின் மின்சாரம் பெரும்பாலும் நின்றுவிடும்.

தனி அடாப்டர் உள்ள ஹப் வாங்கினால் தீருமா?

மின்சாரம் நிற்கும் வகை என்றால் பெரும்பாலும் தீரும். கணினி போர்ட்டை அணைத்தாலும் ஹப் தன் அடாப்டரிலிருந்து 5 வோல்ட் தந்துகொண்டிருக்கும். இரண்டரை அங்குல ஹார்ட் டிஸ்க்குக்கு இன்னொரு லாபமும் உண்டு. தட்டு சுழலத் தொடங்கும் கணத்தில் அது ஏறக்குறைய 1 ஆம்பியர் இழுக்கும். யுஎஸ்பி 3 போர்ட்டின் 900 மில்லிஆம்பியர் எல்லையைவிட அது கூடுதல். விழித்தெழும் நேரத்தில் பல சாதனங்கள் ஒன்றாக இழுக்கும்போது மின்னழுத்தம் சரிந்து ட்ரைவ் தடுமாறுவது இதனால்தான்.

இணைப்பு அறும் வகை என்றால் ஹப் உதவாது, கெடுக்கவும் கூடும். ஹப்புக்குள்ளும் ஒரு சிப், அதற்கும் ஒரு ஃபர்ம்வேர். சரியாக எழத் தெரியாத ஹப் தன்னில் செருகிய எல்லாவற்றையும் சேர்த்துக் கழற்றும். ஒரே நேரத்தில் ட்ரைவ், கார்ட் ரீடர், வெப்கேம் மூன்றும் காணாமல் போய்த் திரும்பினால் குற்றவாளி ஹப் என்று தயங்காமல் சொல்லலாம்.

வாங்கும்போது அடாப்டரில் அச்சிட்ட ஆம்பியரைப் பாருங்கள். ஏழு போர்ட் ஹப்போடு 5 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் வந்தால், இரண்டு ஹார்ட் டிஸ்க் ஒரே நேரத்தில் சுழலத் தொடங்குவதற்கே அது சரியாகப் போய்விடும்.

மானிட்டரில் உள்ள யுஎஸ்பி போர்ட்டில் செருகியிருக்கிறேன். பரவாயில்லையா?

மானிட்டருக்குள் இருப்பதும் ஒரு ஹப்தான். திரை அணைந்ததும் அந்த ஹப்பையும் அணைக்கும் மானிட்டர்கள் உண்டு. அப்போது கணினி தூங்காமலேயே ட்ரைவ் கழலும். மானிட்டரின் சொந்த மெனுவில் ஸ்டாண்ட்பையின்போது யுஎஸ்பிக்கு மின்சாரம் தரும் தேர்வு இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அந்தப் போர்ட்டை கீபோர்டுக்கும் மவுஸுக்கும் விட்டுவிடுங்கள்.

விண்டோஸில் எந்தெந்தச் செட்டிங்?

கண்ட்ரோல் பேனலில் ‘பவர் ஆப்ஷன்ஸ்’ திறந்து, உங்கள் பிளானுக்குப் பக்கத்தில் ‘சேஞ்ச் பிளான் செட்டிங்ஸ்’, பிறகு ‘சேஞ்ச் அட்வான்ஸ்டு பவர் செட்டிங்ஸ்’. அங்கே ‘யுஎஸ்பி செட்டிங்ஸ்’ என்பதன் கீழ் ‘யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்’ என்பதை ‘டிசேபிள்டு’ ஆக்குங்கள். ‘ஹார்ட் டிஸ்க்’ என்பதன் கீழ் ‘டர்ன் ஆஃப் ஹார்ட் டிஸ்க் ஆஃப்டர்’ என்பதில் 0 என்று தட்டினால் ‘நெவர்’ ஆகும். சார்ஜரில் இருக்கும்போது இது வழக்கமாக 20 நிமிடமாக இருக்கும்.

அடுத்து டிவைஸ் மேனேஜர். ‘வியூ’ மெனுவில் ‘டிவைசஸ் பை கனெக்ஷன்’ தேர்ந்தெடுத்தால் உங்கள் ட்ரைவ் எந்த ரூட் ஹப்பின் கீழே தொங்குகிறது என்று தெரியும். அந்த ரூட் ஹப்பின் ப்ராப்பர்ட்டீஸில் ‘பவர் மேனேஜ்மென்ட்’ தாவலுக்குப் போய், மின்சாரத்தைச் சேமிக்கக் கணினி இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். எல்லா ஹப்புக்கும் எடுக்கத் தேவையில்லை. லேப்டாப்பில் அப்படி எடுத்தால் பேட்டரிதான் வீணாகும்.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செட்டிங்ஸில் யுஎஸ்பி பக்கத்தில், திரை அணைந்ததும் சாதனங்களை நிறுத்திப் பேட்டரியைச் சேமிக்கும் ஒரு தேர்வு இருக்கலாம். அதையும் அணையுங்கள்.

கடைசியாக, டிஸ்க் ட்ரைவ்ஸின் கீழே உங்கள் ட்ரைவின் ப்ராப்பர்ட்டீஸில் ‘பாலிசீஸ்’ தாவல். ‘குயிக் ரிமூவல்’ என்பதில் இருக்க வேண்டும். விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து இதுவே இயல்பு. வேகம் வேண்டும் என்று ‘பெட்டர் பெர்ஃபார்மன்ஸ்’ மாற்றியிருந்தால், தூங்கும்போது கழலும் ட்ரைவுக்கு அது ஆகாது.

எனக்கு அந்தத் தேர்வுகளே காட்டவில்லையே?

உங்கள் லேப்டாப் ‘மாடர்ன் ஸ்டாண்ட்பை’ வகையாக இருக்கும். இதில் எஸ்3 எனப்படும் பழைய வகைத் தூக்கம் கிடையாது. போன் போலத் திரையை மட்டும் அணைத்துவிட்டு உள்ளுக்குள் மிகக் குறைந்த மின்சாரத்தில் விழித்திருக்கும். பவர் செட்டிங்குகளில் பலவற்றை விண்டோஸ் மறைத்துவிடும். கமாண்ட் ப்ராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி கட்டளையைத் தட்டி, இடைவெளி விட்டுச் சாய்கோடும் ஏ எழுத்தும் சேர்த்தால், உங்கள் கணினியில் எந்தத் தூக்க நிலைகள் உண்டு என்ற பட்டியல் வரும். ‘ஸ்டாண்ட்பை எஸ்0 லோ பவர் ஐடில்’ என்று இருந்தால் அதுதான்.

இந்த வகையில் பேட்டரி குறிப்பிட்ட அளவு கரைந்ததும் லேப்டாப் தானாக ஹைபர்னேட் ஆகும். சார்ஜரில் போட்டு ஒரு இரவு, சார்ஜர் இல்லாமல் ஒரு இரவு சோதியுங்கள். சார்ஜர் இல்லாதபோது மட்டும் கழன்றால் காரணம் தெரிந்துவிட்டது.

எப்போது கழன்றது என்று விண்டோஸ் எழுதிவைக்குமா?

எழுதும், அதைப் படிப்பது பத்து செட்டிங்கை மாற்றுவதைவிடப் பயன் தரும். ஈவன்ட் வியூவரில் ‘விண்டோஸ் லாக்ஸ்’, ‘சிஸ்டம்’ போங்கள். தேட வேண்டியவை இவை: கெர்னல்-பவர் 42, கணினி தூங்கப் போனது. பவர்-ட்ரபிள்ஷூட்டர் 1, எழுந்தது. மாடர்ன் ஸ்டாண்ட்பையில் இவற்றுக்குப் பதிலாக கெர்னல்-பவர் 506, 507. டிஸ்க் 157, ட்ரைவ் சொல்லாமல் நீக்கப்பட்டது. 129, ட்ரைவ் பதில் சொல்லாததால் விண்டோஸ் அதை ரீசெட் செய்தது.

நேரங்களை ஒப்பிடுங்கள். 157 எழுந்த நொடியில் வந்தால் அது தூக்கத்தோடு சேர்ந்த கோளாறு. தூக்கத்துக்கு வெகு முன்னால், வேலை செய்துகொண்டிருக்கும்போதே 129 வரிசையாக வந்தால் தூக்கத்தைக் குறை சொல்லாதீர்கள்; கேபிளோ பிரிட்ஜ் சிப்போ ட்ரைவோ ஏற்கனவே நோயில் இருக்கிறது.

பயாஸில் என்ன பார்க்க வேண்டும்?

பயாஸ் என்பது விண்டோஸுக்கு முன்பே திறக்கும் மதர்போர்டின் சொந்தச் செட்டிங் திரை. மின்சாரம் நிற்கும் வகை என்று உறுதியான டெஸ்க்டாப்புகளுக்கு மட்டும் இது. ‘ஈஆர்பி’ என்ற தேர்வு கணினி அணைந்திருக்கும்போது ஸ்டாண்ட்பை மின்சாரத்தைக் குறைக்கும். ஹைபர்னேட் நிலையில் போர்ட் செத்துப்போவதற்கு இது காரணமாகலாம். ‘டீப் ஸ்லீப்’ என்று இருந்தால் அதையும் அணைத்துப் பாருங்கள். பழைய மதர்போர்டுகள் சிலவற்றில் யுஎஸ்பி போர்ட்டுக்குச் சாதாரண 5 வோல்ட்டா, ஸ்டாண்ட்பை 5 வோல்ட்டா என்று தேர்ந்தெடுக்க மூன்று முள் ஜம்பர் இருக்கும். சாதாரண 5 வோல்ட்டில் ஜம்பர் இருந்தால் எஸ்3 தூக்கத்தில் போர்ட் இறந்துவிடும், விண்டோஸில் எதை மாற்றினாலும் மாறாது. ஜம்பரை மாற்றுமுன் பவர் கேபிளைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள்.

மேக்கில்?

டெஸ்க்டாப் மேக் என்றால் சிஸ்டம் செட்டிங்ஸில் ‘எனர்ஜி’. மேக்புக் என்றால் ‘பேட்டரி’, அதன் ‘ஆப்ஷன்ஸ்’. அங்கே இரண்டு தேர்வுகள் முக்கியம். ‘புட் ஹார்ட் டிஸ்க்ஸ் டு ஸ்லீப் வென் பாசிபிள்’ என்பதை அணையுங்கள். திரை அணைந்தாலும் மேக் தானாகத் தூங்காமல் தடுக்கும் ‘பிரிவென்ட் ஆட்டோமேட்டிக் ஸ்லீப்பிங்’ என்பதைப் போடுங்கள். மேக் மினி, ஐமேக் போன்றவற்றில் இந்த இரண்டாவது தேர்வே பலருக்குச் சிக்கலை முடித்துவைக்கும். திரை அணையும், மேக் விழித்திருக்கும், ட்ரைவ் கழலாது.

மேக்புக்கின் மூடியை மூடினால் இந்தத் தேர்வு செல்லாது. சார்ஜரும் வெளி மானிட்டரும் இணைந்திருந்தால் ஒழிய மூடி மூடியதும் தூங்கிவிடும். அங்கே எஜெக்ட் செய்துவிட்டு மூடுவதே வழி.

ஒரே இரவில் ஏழெட்டு அறிவிப்புகள் ஏன்?

மேக் இரவு முழுவதும் ஒரே மூச்சாகத் தூங்குவதில்லை. மின்னஞ்சல், பேக்கப், நெட்வொர்க் வேலைகளுக்காகத் திரையைப் போடாமலேயே அவ்வப்போது விழித்து மறுபடி தூங்கும். ஒவ்வொரு முறையும் ட்ரைவ் ஒட்டி, ஒவ்வொரு முறையும் கழன்று, ஒவ்வொரு முறைக்கும் ஓர் அறிவிப்பு. ‘வேக் ஃபார் நெட்வொர்க் ஆக்சஸ்’ என்பதை அணைத்தால் எண்ணிக்கை குறையும். டெர்மினலில் பிஎம்செட் கட்டளையோடு ‘-ஜி லாக்’ சேர்த்துப் பார்த்தால் ‘டார்க்வேக்’ என்ற வரிகளில் அந்த நேரங்கள் எல்லாம் இருக்கும்.

அறிவிப்பை மட்டும் மறைக்கும் வழிகளும் இணையத்தில் உலவுகின்றன. செய்யாதீர்கள். ட்ரைவ் கழல்வது நிற்காது, உங்களுக்குத் தெரிவது மட்டும் நின்றுவிடும்.

எழுப்பிய பிறகும் மேக்புக் ட்ரைவைக் கண்டுகொள்ளவில்லை. விளக்கு எரிகிறது.

ஆப்பிள் சிலிக்கான் சிப் உள்ள மேக்புக்குகளில், வென்சுரா பதிப்பிலிருந்து, புதிய யுஎஸ்பி சாதனத்துக்கு அனுமதி கேட்கும் பாதுகாப்பு இருக்கிறது. பூட்டிய நிலையில் ட்ரைவ் கழன்று மறுபடி ஒட்டினால், திரையைத் திறக்கும்வரை அது வெளியிலேயே நிற்கலாம். ‘ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி’ பக்கத்தில் ‘அலவ் அக்சஸரீஸ் டு கனெக்ட்’ என்பதை ‘ஆட்டோமேட்டிக்லி வென் அன்லாக்டு’ என்று வையுங்கள். ‘ஆல்வேஸ்’ என்று வைப்பது பொது இடங்களில் எடுத்துச் செல்லும் மேக்புக்குக்கு நல்லதல்ல.

ட்ரைவ் எக்ஸ்ஃபேட்டில் இருந்தால் இன்னொரு காரணமும் இருக்கும். முறையாக எஜெக்ட் ஆகாத எக்ஸ்ஃபேட் ட்ரைவை மேக் முதலில் சோதித்துவிட்டுத்தான் ஃபைண்டரில் காட்டும். பெரிய ட்ரைவில் இது பல நிமிடம், சமயங்களில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். ஆக்டிவிட்டி மானிட்டரில் ‘எஃப்எஸ்சிகே’ என்று தொடங்கும் செயல் ஓடுகிறதா பாருங்கள். ஓடினால் விட்டுவிடுங்கள். பொறுமையிழந்து கேபிளைப் பிடுங்கிச் செருகினால் சோதனை முதலிலிருந்து தொடங்கும், நடுவில் பிடுங்கியதால் உண்மையான சேதமும் வரலாம்.

லினக்ஸில் எங்கே பார்ப்பது?

கெர்னல் லாகைப் பாருங்கள். எழுந்ததும் ‘ரீசெட் சூப்பர்ஸ்பீட்’ என்ற வரி வந்தால் ட்ரைவ் அதே ட்ரைவாகத் தொடர்கிறது, கவலையில்லை. ‘யுஎஸ்பி டிஸ்கனெக்ட்’ என்று வந்தால் கழன்றுவிட்டது, எஸ்டிபி ஆக இருந்தது எஸ்டிசி ஆகத் திரும்பும். அதனால் எஃப்எஸ்டேப் கோப்பில் சாதனப் பெயருக்குப் பதிலாக யுயுஐடி (பார்ட்டிஷனின் மாறாத அடையாள எண்) எழுதி, ‘நோஃபெயில்’ சேருங்கள்.

தூக்கத்தில் மின்சாரம் நின்றாலும், எழுந்ததும் அதே ட்ரைவ் அங்கே இருக்கிறதா என்று சரிபார்த்துத் தொடரும் வசதி கெர்னலிலேயே உண்டு. யுஎஸ்பி-பெர்சிஸ்ட் என்று பெயர். இந்த வசதி இருப்பதால் தூக்கத்தின்போது கார்ட் ரீடரில் கார்டை மாற்றாதீர்கள். பழைய கார்டு என்றே நினைத்து எழுதிவிடும். பவர்டாப், டிஎல்பி போன்ற கருவிகள் ஆட்டோ-சஸ்பெண்டைக் கடுமையாக்கியிருந்தால் உங்கள் ட்ரைவுக்கு விலக்குக் கொடுங்கள். பிரிட்ஜ் சிப் யுஏஎஸ் என்ற வேகமான தரவுப் பரிமாற்ற முறையில் தடுமாறினால், அந்தச் சாதனத்துக்கு மட்டும் யுஏஎஸ்-ஐ அணைக்கும் கெர்னல் தேர்வு உண்டு. சிறு கோப்புகளின் வேகம் குறையும் என்பதை அறிந்து செய்யுங்கள்.

ஃபர்ம்வேர் அப்டேட் செய்யலாமா?

தனியாக வாங்கிய என்க்ளோஷரில் (ட்ரைவை உள்ளே போடும் வெற்றுப் பெட்டி) நீங்களே எஸ்எஸ்டி போட்டிருந்தால், இதுவே உண்மையான மருந்தாக இருக்கக்கூடும். உள்ளே இருப்பது பெரும்பாலும் ஜேமைக்ரான், ஏஎஸ்மீடியா, ரியல்டெக் ஆகியவற்றில் ஒன்றின் பிரிட்ஜ் சிப். பெட்டி விற்ற நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணுக்கே வெளியிட்ட ஃபர்ம்வேரை மட்டும் எடுங்கள். ஒரே சிப் என்பதற்காக வேறு நிறுவனத்தின் ஃபர்ம்வேரைப் போட்டால், பெட்டி அதோடு பயனற்றுப் போகலாம். அப்டேட்டுக்கு முன் தரவை வேறு இடத்தில் நகலெடுங்கள்.

கடையில் முழுசாக வாங்கிய போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் என்றால், பெட்டியை உடைத்து வேறு என்க்ளோஷரில் போடும் எண்ணம் வேண்டாம். வெஸ்டர்ன் டிஜிட்டலின் பல இரண்டரை அங்குல மாடல்களில் யுஎஸ்பி சாக்கெட் ட்ரைவின் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. உள்ளே சாட்டா முனையே கிடையாது. இந்த வகை ட்ரைவுகளுக்கு, ட்ரைவின் சொந்தத் தூக்க நேரத்தை மாற்றும் மென்பொருளை நிறுவனமே தருகிறது.

ஒவ்வொரு முறையும் ட்ரைவ் எழுத்து மாறி, பேக்கப் தோற்கிறது.

டிஸ்க் மேனேஜ்மென்டில் பார்ட்டிஷனை ரைட் கிளிக் செய்து, ‘சேஞ்ச் ட்ரைவ் லெட்டர்’ வழியாக எழுத்து வரிசையின் பின்பகுதியில் ஒன்றை, ‘ஆர்’ அல்லது ‘டபிள்யூ’ போல, கொடுங்கள். மற்ற பென்ட்ரைவ்கள் முன்னெழுத்துகளைப் பிடித்துக்கொள்ளும், உங்கள் ட்ரைவின் எழுத்து நிலைத்திருக்கும்.

கணினி விழித்திருக்கும்போதே பத்து நிமிடம் தொடாவிட்டால் ட்ரைவ் போய்விடுகிறது. இதுவும் அதுதானா?

இல்லை. இது ட்ரைவின் சொந்தத் தூக்க நேரம். தட்டு நின்று, தொட்டதும் சில நொடி தாமதத்தோடு திரும்பினால் அது இயல்பு. திரும்பாமல் கழன்றால் தட்டு மறுபடி சுழலத் தேவையான மின்சாரம் போதவில்லை: வேறு போர்ட், குட்டைக் கேபிள், அடாப்டர் உள்ள ஹப் என்ற வரிசையில் பாருங்கள். மூன்றரை அங்குல ட்ரைவ் என்றால் அதன் 12 வோல்ட் அடாப்டர் வயதாகியிருக்கலாம். அதே வோல்ட், அதே முனை, அதே அல்லது கூடுதல் ஆம்பியர் உள்ள வேறொன்றைப் போட்டுப் பாருங்கள். வோல்ட்டில் மட்டும் தவறக் கூடாது.

தூங்குமுன் தானாக எஜெக்ட் செய்ய வழி உண்டா?

மேக்கில் ஜெட்டிசன் என்ற கட்டண மென்பொருள் இதையே செய்கிறது: தூங்குமுன் எஜெக்ட், எழுந்ததும் மறுபடி இணைப்பு. விண்டோஸில் கேபிளைப் பிடுங்காமல் செய்ய வேண்டுமென்றால், டிஸ்க் மேனேஜ்மென்டில் இடப்பக்கம் டிஸ்க் எண்ணின்மேல் ரைட் கிளிக் செய்து ‘ஆஃப்லைன்’ கொடுங்கள், எழுந்ததும் ‘ஆன்லைன்’. ஹார்ட் டிஸ்க்குக்கும் எஸ்எஸ்டிக்கும் இது கிடைக்கும், பென்ட்ரைவுக்குக் கிடைக்காது.

எழும்போது ட்ரைவிலிருந்து ‘டிக், டிக்’ என்று சத்தம் வருகிறது.

சோதனைகளை எல்லாம் இந்த நிமிடமே நிறுத்துங்கள். ஹெட் தன் இடத்தைத் தேடித் தவறும் சத்தம் அது. மின்சாரம் போதாததாலும் வரலாம், ட்ரைவ் சாகத் தொடங்கியிருப்பதாலும் வரலாம். பின்புறப் போர்ட்டில் குட்டைக் கேபிளோடு ஒரே ஒரு முறை செருகுங்கள். ட்ரைவ் தெரிந்தால், ஸ்கேனும் வேண்டாம், ரிப்பேரும் வேண்டாம். மிக முக்கியமான கோப்புகளில் தொடங்கி நகலெடுங்கள். நகல் முடியும்வரை கணினியைத் தூங்க விடாதீர்கள். தெரியவில்லை, சத்தம் மட்டும் தொடர்கிறது என்றால் உடனே பிடுங்கிவிட்டு, தரவு மீட்பு செய்பவரிடம் அப்படியே கொண்டுபோங்கள்.